வாசலைத் திறந்தவரும் பந்தியில் உட்கார்ந்தவர்களும்

போடிக்குப் பக்கத்து ராசிங்காபுரத்தில் பொழுது விடியும் முன்பே ஜீப் ஹாரன் கேட்டுவிடும். பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிற பெண்கள், ஒரு கையில் தூக்குவாளி, இன்னொரு கையில் மழை வந்தால் இடுப்பில் சுற்றிக்கொள்ள மடித்த பிளாஸ்டிக் தாள் என்று ஏறி நெருக்கி உட்காருவார்கள். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். அவர்கள் மலை ஏறி முடிக்கிற நேரத்தில், கீழே அதே வீட்டிலிருந்து ஒரு பிள்ளை கழுத்தில் அடையாள அட்டையோடு போடி பஸ்ஸுக்கு நிற்கும். அம்மா திரும்பி வரும்போது இருட்டியிருக்கும். காலேஜில் இன்று என்ன நடந்தது என்று கேட்க அவளுக்கு ஆசைதான். என்ன கேட்பது என்றுதான் தெரியாது.

உயர்கல்வியில் மனிதரை நடுவில் வைத்து நடத்துவது பற்றி இன்று நிறையப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது இந்தப் பஸ் நிறுத்தத்துப் பிள்ளைதான். அவனை உள்ளே விடுவது ஒரு வேலை. உள்ளே வந்தபின் ‘இது நம்ம இடம்’ என்று அவனை நினைக்க வைப்பது இன்னொரு வேலை. தமிழ்நாட்டில் முதல் வேலையை ஒரு சட்டம் ஆகுமளவுக்குச் செய்து காட்டியவர் மு. அனந்தகிருஷ்ணன். இரண்டாவது வேலையை ஒரு வாழ்க்கைமுறையாகவே செய்து காட்டியவர்கள் காந்திகிராமத்து ஜி. ராமச்சந்திரனும் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும். காலத்தாலும் குணத்தாலும் இவர்கள் வெகு தூரம் தள்ளி நிற்பவர்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் கல்லூரிகளில் எது இருக்கிறது, எது குறைகிறது என்பது துலங்கும்.

அனந்தகிருஷ்ணன் 1928-இல் பிறந்தவர், வாணியம்பாடிக்காரர். கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் படித்து, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, கான்பூர் ஐ.ஐ.டி.யில் அது வளர்ந்துகொண்டிருந்த நாட்களில் பேராசிரியராக இருந்தார். பிறகு வாஷிங்டன் இந்தியத் தூதரகம், நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபை. 1990-இல் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக வந்தபோது, எங்கேயும் போய் வசதியாக இருந்திருக்கக்கூடிய மனிதர் அவர். இங்கே வந்து அவர் கை வைத்தது சேர்க்கையில்.

ஒற்றைச் சாளர முறை வருவதற்கு முன்னால் பொறியியல் இடம் தேடுவது எப்படி இருந்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஊர் ஊராக விண்ணப்பம் வாங்க வேண்டும். ஒவ்வொரு கல்லூரிப் படியிலும் ஏற வேண்டும். தெரிந்தவரின் கடிதம், தெரிந்தவருக்குத் தெரிந்தவரின் கடிதம். ராசிங்காபுரத்துக் கூலி வீட்டுக்கு யாரைத் தெரியும்? இந்த அலைச்சலுக்கு முடிவு கட்டிய முறைக்கு அடித்தளம் இட்டவர்களில் முதன்மையானவர் அனந்தகிருஷ்ணன். ஒரே தரவரிசை, ஒரே மண்டபம், திரையில் காலி இடங்கள். கூப்பிடும் எண் வந்தால் எழுந்து போக வேண்டும். எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு என்று பிள்ளையே சொல்ல வேண்டும். 2018-இல் இணையவழிக்கு மாறும் வரை, போடியிலிருந்து இரவு பஸ் ஏறி, கிண்டியில் மரத்தடியில் உட்கார்ந்து தூக்கச் சடைவோடு காத்திருந்த அப்பாக்கள் எத்தனையோ பேர். அந்த மண்டபத்தில் அவர்களை யாரும் யாருடைய ஆள் என்று கேட்கவில்லை.

அடுத்தது நுழைவுத் தேர்வு. 1984-இல் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணோடு இதையும் சேர்த்துத்தான் தரம் பிரித்தார்கள். தரம் பிரிப்பது எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. உலர்ந்து வந்த ஏலக்காயைப் போடிக் கிட்டங்கிகளில் பெண்கள் உட்கார்ந்து பிரிப்பார்கள். சல்லடையில் 8 எம்.எம். நிற்கும், 7 எம்.எம். விழும். பிறகு நிறம் பார்த்துக் கையால் பொறுக்குவார்கள். சல்லடைக்குக் காயின் பருமன் மட்டும்தான் தெரியும், தோட்டத்து முதலாளி யார் என்று தெரியாது. நுழைவுத் தேர்வு அப்படிப்பட்ட சல்லடையாக இருக்கவில்லை. பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டியவனுக்கு ஒரு கண், கட்ட முடியாதவனுக்கு இன்னொரு கண் என்று துளை போட்ட சல்லடை அது. பயிற்சி நிலையங்கள் பெரிய நகரங்களில் இருந்தன. எங்கள் ஊருக்கு அது ஒரு வதந்தி மாதிரி.

2006-இல் அரசு அமைத்த குழுவுக்குத் தலைவராக இருந்து அனந்தகிருஷ்ணன் கொடுத்த அறிக்கை இந்த அநியாயத்தை விவரமாக எடுத்து வைத்தது. அதன் அடிப்படையில் நுழைவுத் தேர்வை நீக்கிச் சட்டசபை சட்டம் நிறைவேற்றியது, 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது, உயர் நீதிமன்றத்திலும் சட்டம் நின்றது. முன்பு அரசாணையாலும் மாநிலச் சட்டத்தாலும் செய்து பார்த்து நீதிமன்றத்தில் விழுந்த காரியம் இது. இந்த முறை நின்றதற்குக் காரணம், அந்த வாதத்தின் கீழே போட்டிருந்த அஸ்திவாரம். மனிதர் மேல் உள்ள அக்கறை விதியாக எழுதப்படும்போதுதான் அது ஆள் மாறினாலும் மாறாமல் இருக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. மதிப்பெண்கள் எல்லாம் சமமாகிவிட்டால், பிறந்த தேதியும் சமமாகிவிட்டால், சமவாய்ப்பு எண். எவ்வளவு உலர்ந்த ஏற்பாடு! ஆனால் அந்த உலர்ந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய கருணை இருக்கிறது. அது முகத்தைப் பார்க்காது.

முகம் பார்க்காமல் இருப்பது ஏன் கருணை என்று கேட்பவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் வளராதவர்களாக இருக்க வேண்டும். நான் முதன்முதலில் ஒரு கல்லூரி விடுதியில் பெட்டியை இறக்கியபோது, பக்கத்து மாவட்டத்துச் சீனியர் ஒருவர் அன்பாகத்தான் கேட்டார்.

“எந்த ஊருப்பா?”

“ராசிங்காபுரம்ணே, போடிக்குப் பக்கம்.”

“தெரியும்யா. ராசிங்காபுரத்துல எங்குட்டு?”

இந்த ‘எங்குட்டு’ என்ற சொல்லைத் தேனி, மதுரைக்காரர்கள் அறிவார்கள். தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். சாதி தெரிந்தால் அறையில் யார் பக்கத்துக் கட்டில், யார் தட்டில் யார் கை வைப்பார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். நான் சொல்லாமல் சிரித்துச் சமாளித்தேன். இரண்டு நாளில் அவர்களாகக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். தரவரிசைப் பட்டியல் என்னிடம் கேட்காத கேள்வியை, அந்தப் பட்டியல் என்னைக் கொண்டுவந்து சேர்த்த இடத்தில் முதல் நாளே கேட்டுவிட்டார்கள். அனந்தகிருஷ்ணனின் வேலை முடிகிற இடமும் மற்றவர்களின் வேலை தொடங்குகிற இடமும் அந்த விடுதி வராண்டாதான்.

இது எங்கள் விடுதிக்கு மட்டும் உரிய கதையல்ல. எய்ம்ஸில் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று ஆராய்ந்த சுக்தேவ் தோரட் குழு 2007-இல் தந்த அறிக்கையில், கடுமையான தேர்வில் தேறி உள்ளே வந்த பிள்ளைகள் விடுதியிலும் வகுப்பிலும் ஒதுக்கப்படுவதைப் பதிவு செய்தது. நாங்குநேரியில் சாதிப் பகையால் ஒரு மாணவர் வெட்டப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு தமிழக அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் அறிக்கை தந்தபோது, சாதி அடையாளமாக மாணவர் கையில் கட்டும் வண்ணக் கயிறு வரை பேச வேண்டியிருந்தது.

இப்போது காந்திகிராமத்துக்குப் போவோம். தேனி, வத்தலக்குண்டு வழியாகப் போனால் எங்களுக்கு அரை நாள் பயணம்கூட இல்லை.

ஜி. ராமச்சந்திரன் 1904-இல் திருவிதாங்கூரில் நெய்யாற்றின்கரைப் பக்கம் பிறந்தவர். சாந்திநிகேதனில் தாகூரிடம் படித்தவர். 1924-இல், இருபது வயது மாணவனாக, சி.எஃப். ஆண்ட்ரூஸ் வழியாக டெல்லியில் காந்தியைப் பார்க்கப் போனார். இந்து முஸ்லிம் ஒற்றுமைக்காக 21 நாள் உண்ணாவிரதம் இருந்து காந்தி மெலிந்து கிடந்த நேரம். அந்தப் பையன் கலையைப் பற்றி, அழகைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி கேட்டான். காந்தி ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொன்னார். அந்த உரையாடலை மகாதேவ தேசாய் எழுதி வைத்து யங் இந்தியாவில் வெளியிட்டார். எனக்கு இதில் பெரிதாகப் படுவது கலை பற்றிய கருத்துகளைவிட, உடல் நைந்த ஒரு தலைவர் ஒரு மாணவனுக்காக ஒதுக்கிய அந்த நேரம். ராமச்சந்திரன் வாழ்நாள் முழுக்க நடத்திய கல்வி, அந்த அறையில் அவர் பெற்றதைத் திருப்பிக் கொடுத்தது என்றே நான் நினைக்கிறேன்.

சௌந்தரம் டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். சின்ன வயதில் மணமாகி, மருத்துவரான கணவரைப் பறிகொடுத்து, பிறகு டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படித்து 1936-இல் டாக்டரானவர். அந்தக் காலத்து வைதிகக் குடும்பத்தில் ஓர் இளம் விதவை மருத்துவக் கல்லூரி வகுப்பில் உட்கார்ந்தது எப்படி இருந்திருக்கும்? உள்ளே போயும் உள்ளே இல்லாதது போன்ற உணர்வை அவர் நன்றாகவே அறிந்திருப்பார். இருவரும் சாதி கடந்து 1940-இல் சேவாகிராமத்தில் காந்தி, கஸ்தூரிபா ஆசியோடு மணந்தார்கள். 1947 அக்டோபரில், நாடு விடுதலை பெற்று இரண்டு மாதத்துக்குள், சின்னாளப்பட்டிப் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள்.

1948-49இல் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு, கிராமப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. அந்த யோசனைக்குப் பின்னால் இருந்தவர் குழுவின் உறுப்பினர் ஆர்தர் மோர்கன். அமெரிக்காவில் ஆன்டியோக் கல்லூரியில் படிப்பையும் உழைப்பையும் ஒன்றாகக் கோத்துக் காட்டிய மனிதர். அந்த விதை 1956-இல் கிராமிய உயர்கல்வி நிறுவனங்களாக முளைத்தது. அவற்றில் ஒன்று காந்திகிராமம். சாதி பாராத கூட்டு வாழ்க்கை, உடலுழைப்பு, சர்வ மதப் பிரார்த்தனை, சுற்றுக் கிராமங்களில் பணி, இவைதான் அங்கே பாடத்திட்டத்தின் முதுகெலும்பு. மாணவர்கள் ஒரு கிராமத்தில் போய்த் தங்கி, வீடு வீடாக ஏறி, அந்த ஊரின் தண்ணீர், பள்ளிக்கூடம், கடன், நோய் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு வரும் முகாம் இன்றைக்கும் அங்கே உண்டு.

இந்த முகாமில் ஒரு நுட்பம் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளை சாதாரணக் கல்லூரிக்குப் போனால், வீட்டிலிருந்து கொண்டுவந்த அறிவையெல்லாம் வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். காந்திகிராமத்து முகாமில் அந்த அறிவுதான் பாடம். எந்த மாதத்தில் கையில் காசு இருக்காது, முன்பணம் எப்படி அடைபடும், ஒரு வீட்டில் யாரிடம் முதலில் பேச வேண்டும் என்பதெல்லாம் பட்டணத்துப் பிள்ளைக்குத் தெரியாது. நம் பிள்ளைக்குத் தெரியும். அவன் முன்னால் நடக்கிறான், மற்றவர்கள் பின்னால் வருகிறார்கள். ‘நம்ம இடம்’ என்ற எண்ணம் எந்த வரவேற்பு விழாவிலும் வருவதில்லை. தனக்குத் தெரிந்தது இங்கே செல்லுபடியாகிறது என்று பார்க்கும் நிமிஷத்தில் வருகிறது.

ராமச்சந்திரனும் சௌந்தரமும் மாணவர்களை முகம் பார்த்தே நடத்தினார்கள். ஆனால் முகம் பார்க்கும் முறையை மாற்றினார்கள். ஊரில் முகம் பார்ப்பது தெருவைக் கண்டுபிடிப்பதற்கு. அங்கே ஒரே பந்தி, ஒரே துடைப்பம், ஒரே பிரார்த்தனை என்று ஆனபின் ‘எங்குட்டு’ என்ற கேள்விக்கு வேலை குறைகிறது. தலைவரே அந்தப் பந்தியில் உட்காரும்போதுதான் இது நடக்கும். சுற்றறிக்கை அனுப்பினால் நடக்காது.

சரி, அப்படியென்றால் காந்திகிராமத்து வழியே போதுமே என்று தோன்றலாம். போதாது. அதன் குறையையும் சொல்ல வேண்டும். கிராமிய நிறுவனங்கள் கொடுத்தது டிப்ளமோ. பட்டத்துக்குச் சமமாக அதை வேலை கொடுப்பவர்கள் மதிக்கவில்லை. அன்பாக வளர்த்து, ஊருக்கு உழைக்கப் பழக்கி, கடைசியில் செல்லாத காகிதத்தைக் கையில் கொடுத்தால் அந்த ஏழைப் பிள்ளை என்ன செய்வான்? நாடெங்கும் தொடங்கிய அந்த நிறுவனங்களில் பெரும்பாலானவை சாதாரணக் கல்லூரிகளாகக் கரைந்துபோயின. காந்திகிராமம் 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி அந்தச் சிக்கலிலிருந்து தப்பியது. இரண்டாவது குறை அளவு. ராமச்சந்திரன், சௌந்தரம் போன்ற இருவர் ஒரு வளாகத்தைக் காப்பார்கள். தமிழ்நாட்டுக்கு அப்படி எத்தனை பேரைத் தேடுவது?

இங்கேதான் அனந்தகிருஷ்ணன் வழியின் பலம் தெரிகிறது. விதிக்கு மகாத்மாக்கள் தேவையில்லை. 2010-இல் வந்த முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை, 2021-இல் பொறியியலுக்கும் வந்த அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, 2022-இல் புதுமைப் பெண், 2024-இல் தமிழ்ப் புதல்வன் உதவித்தொகைகள், எல்லாமே அந்த வழியில் வந்தவை. முதல் பட்டதாரிச் சான்றுக்காகத் தாலுகா ஆபீசில் அம்மாவும் பிள்ளையும் வரிசையில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். குடும்பத்தில் இதுவரை யாரும் படிக்கவில்லை என்று சான்று வாங்குவது ஒருவகையில் வலிக்கிற காரியம். ஆனால் அவர்கள் அதைக் கோயில் பிரசாதம்போல் மடித்து எடுத்துப்போகிறார்கள். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47. இந்தியா முழுவதற்கும் 28.4. இந்த இடைவெளியை உண்டாக்கியது யாருடைய தனிப்பட்ட நல்ல மனசும் இல்லை, அடுக்கடுக்கான விதிகள்.

வருத்தமான ஒரு திருப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். 2022-இல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் நுழைவுத் தேர்வு வந்தபோது, தமிழகச் சட்டசபை அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. அப்படியும் அந்தத் தேர்வு காந்திகிராமத்தின் வாசலிலும் வந்து நின்றது. அனந்தகிருஷ்ணன் ஓரிடத்தில் போராடி எடுத்த தடை, சௌந்தரம் அம்மையார் கிராமத்துப் பிள்ளைகளுக்கென்று கட்டிய வீட்டின் முன்னால்! 2021 மே மாதம் கொரோனாவில் இறந்துபோன அனந்தகிருஷ்ணன் இதைப் பார்க்கவில்லை.

ஆக, இந்த இரு வழிகளில் எது பெரியது என்ற தீர்ப்புக்கு நான் வரவில்லை. இன்றைக்கு எங்கள் பக்கத்தில் எது குறைவு என்பதைச் சொல்ல முடியும். வாசல் திறந்திருக்கிறது. 2012-இல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி மேலச்சொக்கநாதபுரத்தில் இருக்கிறது, நாங்கள் போடிக்குப் போகிற வழியில். போடியிலேயே ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரி இருக்கிறது. தோட்ட முதலாளிகளின் சங்கம் நடத்துகிற கல்லூரியில் தோட்டத்துத் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் படிக்கிறது. 2023 ஜூனில் போடிக்கு ரயிலும் திரும்பி வந்துவிட்டது, சென்னைக்குப் போகிறவர்களும் போகிறார்கள். பந்திதான் இன்னும் போடப்படவில்லை. போட வேண்டியவர்கள் கல்லூரி முதல்வர்களும் துறைத்தலைவர்களும் விடுதிக் காப்பாளர்களும்.

அதற்குக் கோடி ரூபாய்த் திட்டம் வேண்டாம். பொறியியல் வகுப்பில் வெப்பப் பரிமாற்றம் நடத்துகிற ஆசிரியர், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து தொடங்கலாம். ஐந்தாறு கிலோ பச்சைக் காய் ஒரு நாள் சூட்டில் உலர்ந்து ஒரு கிலோ ஆகிறது. பச்சை நிறம் கெடாமல் ஈரம் மட்டும் போக வேண்டும், சூடு ஏறினால் காய் வெளுத்து விலை போய்விடும். இந்தக் கணக்கு அந்த வகுப்பில் நாலு பேருக்காவது உடம்பிலேயே தெரியும், அப்பா ஸ்டோரில் இரவு விழித்திருந்து நெருப்புப் போட்டவர். அவர்களை எழுப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தமிழில்தான் சொல்வார்கள், சொல்லட்டும். ஆங்கிலம் அடுத்த மணி நேரத்தில் வரும்.

விடுதி அறைகளைத் தரவரிசைபோல முகம் பார்க்காமல் குலுக்கிப் போடுங்கள். மாதத்தில் ஒரு வேளையாவது காப்பாளரும் முதல்வரும் பிள்ளைகளோடு அதே பந்தியில், அதே சோற்றைச் சாப்பிடுங்கள். அனந்தகிருஷ்ணன் வழியையும் காந்திகிராமத்து வழியையும் ஒரே கட்டடத்தில் சேர்க்க இவை இரண்டும் போதுமான தொடக்கம்.

இன்னும் ஒன்று. வருகை குறைந்துவிட்டது, அரியர் விழுந்துவிட்டது என்றால் ‘பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வா’ என்கிறீர்கள். அது எங்கள் ஊரில் ஒரு நாள் சம்பளம். அதைவிட, கல்லூரிக்குள் வந்து உங்கள் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டே பேச வேண்டிய கூச்சம். அந்த அம்மா வரமாட்டாள், பிள்ளையும் கூப்பிடமாட்டான், பக்கத்துக் கடைக்காரரைச் சித்தப்பா என்று சொல்லிக் கூட்டிவருவான். உங்களுக்கும் அது தெரியும். சௌந்தரம் அம்மையார் கிராமத்தைத் தம் மேஜைக்கு வரச் சொல்லவில்லை. அவர்தான் கிராமத்துக்குப் போனார்.

நீங்களும் ஒருமுறை வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஜீப் வராது. காலை ஒன்பது மணிக்கு மேல் எங்கள் ஊரில் எல்லோரும் வீட்டில்தான் இருப்பார்கள்.